ஒரு தலைமுடியை ஏழாகக் கிழித்தால்... தாடையில் பல் உட்காரும் அதிசயம் தெரியுமா?

முளைக்கீரைக் கடையலைப் பிசைந்து ஒரு வாய் வைக்கிறீர்கள். கழுவினது போதாமல் அதில் ஒரே ஒரு பொடி மணல் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, பிசைந்த விரலுக்கும் அகப்படவில்லை. பல்லில் பட்டதும் 'நறுக்'! உடம்பே கூசிவிடுகிறது. நம் பல்லுக்கு எவ்வளவு நுட்பமான உணர்வு தெரியுமா? மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய தகட்டை வைத்தாலும் 'ஏதோ இருக்கிறது' என்று சொல்லிவிடும். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இந்த உணர்வு பல்லுக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் முதல் ஆச்சரியம். பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை! வேரைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய நார்கள். அந்த நார்களால் கட்டிய தொட்டிலில்தான் ஒவ்வொரு பல்லும் தொங்குகிறது. தொட்டிலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். முறுக்கைக் கடிக்கும்போது பல் லேசாக உள்ளே அமுங்கி மேலே வருகிறது. அந்த அசைவைத்தான் நாம் உணர்கிறோம். கம்பி கட்டிய பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பல் மெல்ல மெல்ல நகர்ந்து வரிசைக்கு வருவதும் இந்த நார்களின் தயவால்தான்.

தாடையில் பதிக்கும் டைட்டானியம் வேருக்கு, அதாவது இம்பிளான்ட்டுக்கு, இந்தத் தொட்டில் கிடையாது. எலும்பு நேராக உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடிக்கும்போது அது அசைவது ஐந்து மைக்ரானைத் தாண்டுவது அரிது, அதுவும் எலும்பு வளைந்துகொடுப்பதால்தான். நான்கு இயற்கைப் பற்களின் மேல் கொஞ்சம் பிசகான பிரிட்ஜ் ஒன்றை, அதாவது இணைந்த செயற்கைப் பல் வரிசையைப் பொருத்தினால், பற்கள் நாளடைவில் நகர்ந்து ஒத்துப்போய்விடும். நான்கு இம்பிளான்ட்டின் மேல் அதே பிசகோடு ஒரு பிரிட்ஜைத் திருகி முடுக்கினால், இன்றைக்கு இருக்கும் பிசகுதான் பத்து வருடம் கழித்தும் இருக்கும். யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்!

அதனால்தான் பல் மருத்துவத்தில் 'பாஸிவ் ஃபிட்' என்ற சொல்லுக்கு இத்தனை மரியாதை. பல் வரிசையைத் தாங்கும் உலோகச் சட்டம் எல்லா இம்பிளான்ட்டுகளின் மேலும் ஒரே நேரத்தில், எதையும் இழுக்காமல், எதையும் நெருக்காமல், தானாக உட்கார வேண்டும். ஸ்க்ரூவின் வேலை பிடித்து வைப்பது மட்டும்தான், இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைப்பதல்ல.

கட்டில் மாட்டிய அனுபவம் இருக்கிறதா? நான்கு மூலையிலும் போல்ட். துளை ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டாலும் நம் ஆட்கள் விடுவார்களா? முதல் போல்ட்டை முழுக்க முடுக்கிவிடுவார்கள். உடனே எதிர் மூலை எம்பிக்கொண்டு நிற்கும். அதையும் ஸ்பேனர் போட்டு இழுத்து முடுக்கினால் கட்டில் 'நன்றாகவே' நிற்கிறது. ஆனால் மரத்துக்குள் ஒரு விறைப்பு ராத்திரி பகலாக இருந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நாளில் 'கிறீச்' சத்தம், அப்புறம் ஒரு போல்ட் தளர்வு, அப்புறம் ஒரு விரிசல். தாடைக்குள் நடப்பதும் அச்சு அசலாக இதுதான்!

முயல் கொடுத்த விடை

இந்தக் கதையெல்லாம் ஒரு முயலில் தொடங்கியது தெரியுமா? 1950களின் தொடக்கம், சுவீடன் நாட்டின் லுண்ட் நகரம். பெர்-இங்வார் பிரானமார்க் என்ற இளம் ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிரோடு பார்க்க ஆசைப்பட்டார். டைட்டானியத்தில் சின்னஞ்சிறு கண்ணாடி ஜன்னல் போன்ற ஒரு கருவி செய்து, முயலின் கால் எலும்பில் பதித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்தது. விலை உயர்ந்த கருவி ஆயிற்றே, கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால், வரவே இல்லை! எலும்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தது. பல்லைத் தேடிப் போனவரல்ல அவர். ரத்த ஓட்டத்தைத் தேடிப் போனவர். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதத் தாடையில் டைட்டானியம் வேர்களைப் பதித்தார். அந்த மனிதர் 40 ஆண்டுகளுக்கு மேல் அவற்றோடு வாழ்ந்து 2006இல் காலமானார். அதுவரை வேர்கள் அப்படியே நின்றன!

அதே பிரானமார்க்தான் 1983இல் ஒரு எண்ணைச் சொன்னார்: சட்டத்துக்கும் இம்பிளான்ட்டுக்கும் இடையிலான பொருத்தம் 10 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள எலும்பு அமைதியாக முதிர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ள அது உதவும் என்பது அவர் எண்ணம். 10 மைக்ரான்! ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஏழாகக் கிழித்தால் ஒரு துண்டின் பருமன். மருத்துவர் கையில் இருக்கும் சோதனை ஊசியின் கூர்முனையே சுமார் 60 மைக்ரான் பருமன். ஊசி நுழையாத இடைவெளியை ஊசியால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. டைட்டானியம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? இல்மனைட், ரூட்டைல் என்ற கனிம மணல்களிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் அந்த இரண்டும் இருக்கின்றன. வெள்ளைப் பல் செய்யும் ஜிர்கோனியாவின் தாய்ப்பொருளான ஜிர்கானும் அங்கேயே கிடைக்கிறது. அலை வந்து கால் நனைக்கும்போது உள்ளங்காலில் ஒட்டுகிற அந்த மணலுக்குள், செயற்கைப் பல்லின் வேரும் வெண்மையும் சேர்ந்தே கிடக்கின்றன!

எல்லாமே சுருங்கும், எல்லாமே விரியும்

சரி, 10 மைக்ரான் ஏன் அத்தனை கஷ்டம்? மருத்துவர் 'அளவு எடுத்தேன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார். அந்த வார்த்தைக்குள் எத்தனை பொருள்கள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் குணம் மாறுகிறது என்று கேட்டால் மலைத்துப்போவீர்கள்.

வாயில் டிரே வைத்து ரப்பர் போன்ற பொருளால் அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் ஸ்டோன் என்ற உயர்தர ஜிப்சத்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இறுகியதும் கிடைப்பதுதான் 'மாடல்'. ஜிப்சம் இறுகும்போது என்ன ஆகும் தெரியுமா? சுருங்காது, விரியும்! நல்ல ரகத்தில் விரிவு 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அடடா, அவ்வளவு கம்மியா என்று தோன்றும். இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்வரை 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 சதவீதம் என்றால் 50 மைக்ரான். பிரானமார்க் சொன்னதைப்போல ஐந்து மடங்கு, முதல் படியிலேயே போயிற்று!

அடுத்து மெழுகு. மெழுகில் சட்டத்தை வடித்து, அச்சுக்கலவையில் புதைத்து, சூட்டில் மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலில் பொதிந்து நடராஜர் வார்க்கிறார்களே, அதே மெழுகு வார்ப்பு முறைதான்! அமெரிக்கரான வில்லியம் டேகர்ட் 1907இல் இதைப் பல் மருத்துவத்தில் பரவலாக்கினார். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். தங்கக் கலவை ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், நிக்கல்-குரோமியம் இரண்டு சதவீதத்துக்கும் மேல். நம் 50 மில்லிமீட்டர் தாடைக்கு ஒன்றரை சதவீதம் என்பது முக்கால் மில்லிமீட்டர்! இதைச் சரிக்கட்ட, புதைக்கும் கலவையை அதே அளவு விரியும்படி செய்கிறார்கள். ஒன்று விரிய, ஒன்று சுருங்க, இரண்டும் கூட்டிக் கழிந்து போக வேண்டும் என்று ஒரு வேண்டுதல். ஒற்றைப் பல் உறைக்கு இந்த வேண்டுதல் பலிக்கிறது. குதிரை லாட வடிவத்தில் வளைந்த முழுத் தாடைச் சட்டத்துக்கு அது முழுசாகப் பலிப்பதில்லை. சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும்.

நடராஜர் சிலை வார்த்தபின் சுருங்கினால் யாரும் கவனிக்கப்போவதில்லை. அது எதன்மேலும் நான்கு புள்ளியில் உட்கார வேண்டியதில்லை. பல் லேபில் ஒரு டெக்னீஷியனின் தலைவலி அந்த நான்கு புள்ளிதான்.

நம்பவே முடியாத கணக்கு ஒன்று கேளுங்கள். ஏசி ஓடும் லேபில் வெப்பம் 24 டிகிரி. வாய்க்குள் 35 டிகிரி. இந்த 11 டிகிரி வித்தியாசத்துக்கே 50 மில்லிமீட்டர் நீளக் கோபால்ட்-குரோமியம் சட்டம் ஏழெட்டு மைக்ரான் நீண்டுவிடும்! லேபில் எல்லாம் கச்சிதமாக அமைந்தால்கூட, வாய்க்குள் போய்ச் சூடேறிய மாத்திரத்தில் பிரானமார்க் சொன்ன கணக்கில் முக்கால்வாசி காலி. டைட்டானியம் இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் நீளும். எனக்கு அந்த உலோகத்தின் மேல் மரியாதை கூடிப்போனது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான்.

உடைவதே உண்மை

அளவு சரியா என்று எப்படிச் சோதிப்பது? இம்பிளான்ட்டுகளின் மேல் சின்னச் சின்ன உலோகக் குமிழ்களைத் திருகி, அவற்றை அக்ரிலிக் பிசினால் ஒன்றோடொன்று இணைத்து, அப்படியே வாயிலிருந்து எடுத்து, மாடலோடு ஒப்பிடுவார்கள். அந்த அக்ரிலிக்கும் சும்மா இருக்குமா? 1990இல் வெளியான ஓர் அளவீடு சொல்கிறது: இந்த வகைப் பிசின் ஒரு நாளில் கன அளவில் ஆறரை முதல் எட்டு சதவீதம்வரை சுருங்குகிறது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் 17 நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது! அதற்கு லேப்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்ன தெரியுமா? முதல் நாளே இணைத்துவிடுகிறார்கள். நன்றாகச் சுருங்கட்டும் என்று விடுகிறார்கள். பிறகு மெல்லிய டிஸ்க்கால் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். மறுநாள் வாயில் வைத்து, அறுத்த கோட்டில் மட்டும் ஒரு சொட்டுப் பிசின் விட்டு ஒட்டுகிறார்கள். சுருங்குவதற்கு இப்போது அந்த ஒரு சொட்டுதான் பாக்கி!

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு முறை. சோதனைச் சட்டத்தை வெறும் பிளாஸ்டரில் செய்வது. ஏன் பிளாஸ்டர்? அது வளையாது, நெளியாது, விட்டுக்கொடுக்கத் தெரியாது. வாயில் வைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கும்போது எங்கேயாவது ஒரு பிசகு இருந்தால், 'டக்' என்று உடைந்துவிடும். முடுக்கி முடித்தும் முழுசாக இருந்தால் அளவு சரி. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சையின் நடுவே, சில ரூபாய் பிளாஸ்டர்தான் துணிந்து உண்மை சொல்கிற சாட்சி!

உலோகச் சட்டம் வந்த பிறகு செய்வது ஷெஃபீல்டு சோதனை. சட்டத்தை வைத்து ஒரு கோடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் முடுக்க வேண்டும். மறு கோடியில் சட்டம் எம்பினால் பிசகு இருக்கிறது. கட்டில் கதை ஞாபகம் வருகிறதா? ஈறுக்குக் கீழே கண் போகாத இடத்துக்கு எக்ஸ்ரே. அதிலும் ஒரு சூட்சுமம்: கதிர் அந்த இணைப்புக்கு நேர் குறுக்காகப் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இடைவெளியை மூடிக்காட்டிவிடும்.

தீப்பொறியில் பிறந்த பொருத்தம்

பிசகு இருக்கிறது என்று தெரிந்தால்? சட்டத்தை அறுத்து, வாயிலேயே சரியான நிலையில் இணைத்துக் குறித்துக்கொண்டு, லேபில் பற்றவைப்பது பழைய வழி. லேசர் வெல்டிங் வந்தபின் சூடு பரவாமல் இணைக்க முடிகிறது. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதன் பிறப்பைக் கேளுங்கள்!

1943. உலகப்போர் உச்சத்தில் இருந்த சோவியத் நாடு. போரிஸ் லசாரென்கோ, நடாலியா லசாரென்கோ என்ற விஞ்ஞானித் தம்பதி. மின்பொறி பட்டுப் பட்டு டங்ஸ்டன் மின்முனைகள் அரித்துப்போவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்களிடம் வந்த வேலை. தடுக்க முடியவில்லை. ஆனால் எண்ணெய்க்குள் மூழ்கவைத்தபோது அரிப்பு சீராக, சொன்னபடி கேட்கிற மாதிரி நடப்பதைப் பார்த்தார்கள். தடுக்கப் போனவர்கள் அந்த அரிப்பையே உளியாக்கிவிட்டார்கள்! அந்தத் தீப்பொறி உளி எஞ்சின் அச்சுகள் செய்யப் போயிற்று, பிறகு பல் லேபுக்கும் வந்தது. மாடலில் இம்பிளான்ட் இருக்கும் இடங்களில் செம்பு மின்முனைகளை நிறுத்தி, மேலே சட்டத்தைப் பிடித்து, திரவத்துக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பொறிகள். எங்கே மேடு இருக்கிறதோ அங்கே முதலில் பொறி தாவும், மேடு கரையும். கடைசியில் எல்லா மேடும் போய்ச் சட்டம் சமமாக உட்கார்ந்துவிடும். அரம் தொடாமல், கை படாமல்!

இப்போது கம்ப்யூட்டர் வடிவமைத்து, திடமான டைட்டானியம் கட்டியிலிருந்து கடைந்தே எடுத்துவிடுகிறார்கள். உருக்குவதே இல்லை என்றால் சுருங்குவது எங்கிருந்து வரும்? வார்ப்புக் காலத்தின் பாதி வேதனையை இந்த ஒரு மாற்றம் தீர்த்துவிட்டது. ஆனால் ஜிர்கோனியா அப்படியில்லை. சுண்ணாம்புக்கட்டி மாதிரி மெத்தென்று இருக்கும்போதே கடைந்து, பிறகு ஏறக்குறைய 1500 டிகிரியில் சுட வேண்டும். சூளையிலிருந்து வெளியே வரும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும்! 60 மில்லிமீட்டர் அகல வளைவு வேண்டுமென்றால் 75 மில்லிமீட்டருக்குக் கடைய வேண்டும். அத்தனை சுருங்கியும் கடைசியில் மைக்ரான் கணக்கில் உட்கார வேண்டும் என்றால், அந்தத் தூளைக் கலந்தவரிலிருந்து சூளை வைத்தவர்வரை எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்!

இதையெல்லாம்விட எளிமையான ஒரு யோசனையும் உண்டு, நம் கொத்தனார்களுக்குப் பழகினதுதான். கதவு நிலையை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, அதன் பிறகே சுற்றிலும் கலவை பூசுவார்கள் அல்லவா? அதே மாதிரி, டைட்டானியம் குழல்களை முதலில் இம்பிளான்ட்டின் மேல் ஒவ்வொன்றாகத் தனித்தனியே திருகிவிடுவது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிடும். சட்டத்தைக் கொஞ்சம் தளர்வாகச் செய்து அவற்றின் மேல் இறக்கி, இடைவெளியில் ரெசின் பசையை நிரப்பி, வாயிலேயே இறுகவிடுவது. எல்லாப் பிசகும் அந்தப் பசைக்குள் அடங்கிவிடும். பிறகு மொத்தமாகக் கழற்றி, வெளியே வைத்துப் பிதுங்கினதைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம். இந்த வெளியே எடுத்துத் துடைப்பது மிக முக்கியம். ஈறுக்கடியில் தங்கும் பசைத் துணுக்கு இம்பிளான்ட்டைச் சுற்றி வீக்கத்தையும் எலும்பு அரிப்பையும் கொண்டுவந்துவிடக்கூடும்.

உயரத்திலிருந்து விழப்போனவர்

இப்போது அச்சு எடுக்காமலே வாயை ஸ்கேன் செய்கிறார்கள். பேனா மாதிரி ஒரு கருவி வாய்க்குள் நகர்ந்து, சின்னச் சின்னப் படங்களை எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. இரண்டு மூன்று பல் என்றால் அருமை. பல்லே இல்லாத முழுத் தாடையில்தான் சிக்கல். பெரிய புள்ளிக் கோலத்தை ஒரு மூலையில் ஆரம்பித்து வெறும் கையளவில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் மறு மூலையில் என்ன ஆகும்? புள்ளிக்குப் புள்ளி நூலிழை பிசகினது சேர்ந்து சேர்ந்து, கடைசி வரிசை கோணிக்கொண்டு நிற்கும். ஈரமாக, வழவழவென்று, அடையாளமே இல்லாத ஈறின் மேல் ஸ்கேனருக்கும் அதே கதி.

அதற்குத் தீர்வு வந்தது எங்கிருந்து தெரியுமா? ஒரு தேவாலயத்திலிருந்து! 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற கட்டடக்கலைஞர், உயரத்திலிருந்து விழப்போய் மயிரிழையில் தப்பினார். 'ஏறி அளப்பதற்குப் பதில், கீழே நின்று படம் எடுத்து அந்தப் படத்தை அளந்தால் என்ன?' என்று அவர் யோசித்ததிலிருந்து ஒரு துறையே வளர்ந்தது. அதுதான் போட்டோகிராமெட்ரி. 1990களில் சுவீடனின் டோர்ஸ்டன் ஜெம்ட் போன்றவர்கள் அதை இம்பிளான்ட் இருக்கும் இடங்களை அளக்கக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு இம்பிளான்ட்டின் மேலும் புள்ளிகள் அச்சடித்த ஒரு சின்னக் கொடியைத் திருகுகிறார்கள். வாய்க்கு வெளியே இருக்கும் கேமரா பல கொடிகளை ஒரே சட்டகத்துக்குள் பார்த்து, அவை ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்று கணக்கிட்டுவிடுகிறது. ஒட்டுப்போட்டுப் போகிற வேலையே இல்லை! ஈறின் வடிவம் மட்டும் இதில் வராது. அதற்குப் பழையபடி ஸ்கேனரோ அச்சோ வேண்டும்.

இத்தனை செய்தும் ஒரு புதிர் மிச்சம் இருக்கிறது. கீழ்த்தாடை எலும்பு ஒரு திடப்பொருள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? வாயை அகலத் திறந்து பாருங்கள். உள்பக்கத் தசைகள் இழுக்க, உங்கள் கீழ்த்தாடையின் இரண்டு கைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்குகின்றன! சிலருக்குச் சில மைக்ரான், சிலருக்கு அரை மில்லிமீட்டர், அபூர்வமாக அதற்கும் மேல். அளவு எடுக்கும்போது 'ஆ... நல்லா திறங்க' என்கிறார்களே, அந்த நேரத்தில் அவர்கள் அளப்பது ஒடுங்கின தாடையை! அதனால்தான் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பகுதிவரை இம்பிளான்ட் இருந்தால், ஒரே சட்டமாகப் போடாமல் இரண்டு மூன்று துண்டாகப் பிரிக்க யோசிக்கிறார்கள். அளவு எடுக்கும்போது எவ்வளவு குறைவாகத் திறந்தால் முடியுமோ அவ்வளவே திறக்கச் சொல்வதும் நல்லது.

எலும்பு பொறுத்தது, ஸ்க்ரூ பொறுக்கவில்லை

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு நானே ஆடிப்போனேன். இத்தனை பாடுபட்டுத் தேடும் அந்த முழுமையான பாஸிவ் ஃபிட், அளந்து பார்த்த வாய்களில் கிடைக்கவே இல்லை! 1996இல் ஜெம்ட்டும் புக் என்ற ஆராய்ச்சியாளரும் மேல்தாடையில் முழுப் பல் வரிசை பொருத்தியவர்களை போட்டோகிராமெட்ரியால் அளந்தார்கள். ஒரு வருடக் குழு ஒன்று, ஐந்து வருடக் குழு ஒன்று. சராசரிப் பிசகு சுமார் 100 மைக்ரான். பத்து மடங்கு! எலும்பு தேய்ந்திருக்குமே என்று பார்த்தால், பிசகுக்கும் எலும்புத் தேய்வுக்கும் தொடர்பே தென்படவில்லை. அதே வருடம் பபூன் குரங்குகளில் நடந்த ஒரு சோதனையில், 38 மைக்ரான் பிசகோடும் 345 மைக்ரான் பிசகோடும் சட்டங்களை முடுக்கிப் பார்த்தார்கள். எலும்பின் பதிலில் பெரிய வித்தியாசம் இல்லை. அது மெல்லும் பாரம் படாமல் சில வாரங்களே நடந்த சோதனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்றாலும் நாம் நினைத்ததைவிட எலும்பு பொறுமைசாலி.

அப்படியானால் பிளாஸ்டர், தீப்பொறி, கேமரா எல்லாம் வீணா? இல்லவே இல்லை! எலும்பு பொறுப்பதை ஸ்க்ரூ பொறுப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் 'எலும்புதான் தாங்குதே' என்று சொல்வது ஆபத்தான பேச்சு என்பேன்.

ஸ்க்ரூ எப்படிப் பிடிக்கிறது தெரியுமா? அது ஒரு ஸ்பிரிங்! முடுக்கும்போது அதன் உடல் சில மைக்ரான் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்தத் துடிப்புதான் சட்டத்தை இம்பிளான்ட்டோடு இறுக்கி வைத்திருக்கிறது. பல் வரிசையைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவுக்குப் பல தயாரிப்புகளில் சொல்லும் முடுக்கம் 15 நியூட்டன்-சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 150 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, அவ்வளவுதான்! அதிலும் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலையிலும் உரசலுக்கே போய்விடுகிறது. பாக்கிப் பத்தில் ஒரு பங்குதான் அந்த நீட்சியாக மாறுகிறது. இந்தச் சிறு சேமிப்பைக் கொண்டுபோய், உட்காராத சட்டத்தை இழுத்து உட்கார வைக்கச் செலவழித்துவிட்டால், பிடித்து வைக்க என்ன மிஞ்சும்? முடுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் 15 காட்டும். உள்ளே பிடி இருக்காது. முறுக்கும் சீடையுமாக ஒரு தீபாவளி போனால் ஸ்க்ரூ தளரும். தளர்ந்ததையே திரும்பத் திரும்ப முடுக்கினால் ஒரு நாள் முறியும். மேலே ஒட்டின பீங்கானில் கீறல் விழும். அதனால், உங்கள் வீட்டுப் பெரியவர் 'அந்த செட்டு லேசா ஆடுது' என்று இரண்டாம் முறையும் சொன்னால், ஸ்க்ரூவை மட்டும் முடுக்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெம்ட் 1991இல், அடுத்தடுத்துப் பொருத்தப்பட்ட 391 பல் வரிசைகளில் வந்த சிக்கல்களை எழுதியபோது, கைக்கே தெரிகிற ஓர் அளவுகோலைத் தந்தார். ஸ்க்ரூவை விரலால் மெல்லத் திருகிக்கொண்டே போக வேண்டும். முதல் தடை தட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து கடைசி இறுக்கம்வரை அரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ஏன் அரைச் சுற்று? அந்தப் பல் வரிசைகளைப் பிடித்த தங்க ஸ்க்ரூவின் மரை ஒரு முழுச் சுற்றுக்கு 300 மைக்ரான் இறங்கும். அரைச் சுற்று என்றால் 150 மைக்ரான். அதற்குள் இருந்தால் ஏற்கலாம், தாண்டினால் சட்டத்தை அறுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். கோடி ரூபாய் கருவி வேண்டாம். கடிகாரத்தில் 12இலிருந்து 6 வரை முள் போகிற தூரம்!

அப்புறம் ஒன்று. முடுக்கி முடித்ததும் 'அவ்வளவுதான், கிளம்பலாம்' என்று எழுந்துவிடாதீர்கள். கடைந்த உலோகம் எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். முடுக்கினதும் அந்த மேடுகள் நசுங்கத் தொடங்கும், ஸ்க்ரூவின் பிடியில் 2 முதல் 10 சதவீதம் தானாகக் கரைந்துவிடும். அதனால் பத்து நிமிடம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு அதே ரென்ச்சை எடுத்து, அதே 15இல் வைத்து, முதல் ஸ்க்ரூவிலிருந்து இன்னொரு முறை தொடங்குவார்.